கி-யை விழுங்குங்கள்: கிற்றாரில் ஷஃபிள் ப்ளூஸ்

கிற்றாரில் நாலைந்து கோர்ட் பிடிப்பீர்கள், கலியாண வீட்டில் யாராவது பாடினால் பின்னால் எப்படியோ சமாளித்து அடிப்பீர்கள், ஆனால் "ஒரு ப்ளூஸ் வாசி பார்ப்பம்" என்று ஒருவர் கேட்டால் கை விறைத்துப் போகும். அந்த ஆள் நீங்கள் என்றால் இது உங்களுக்குத்தான். நானும் பல வருடம் அந்த ஆளாகத்தான் இருந்தேன். ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்த பாட்டு வகை, ஷஃபிள் அதன் ஒரு நடை.

எனக்கு இது விளங்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், பாடத்தில் பாதி அதற்குள்தான் கிடக்கிறது. திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் ஒரு தங்குமிடத்தில் சீசன் நேரம் பின்னேரங்களில் வாசித்துக்கொண்டிருந்தேன். சம்பளம் என்று பெரிதாக இல்லை, இராச்சாப்பாடும் பஸ் காசும். ஒரு நாள் அறுபது வயது தாண்டிய வெள்ளைக்காரர் ஒருவர் சேர்ட் பையிலிருந்து மவுத் ஓகனை எடுத்து, "ப்ளூஸ், ஏ" என்றார். ஏ, டி, ஈ மூன்றும் எனக்குத் தெரியும், மூன்று கோர்ட்தானே என்று துணிந்து தொடங்கினேன். நாலு வரி தாண்டவில்லை, நிறுத்தினார். மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். திரும்பத் தொடங்கினேன், திரும்ப நிறுத்தினார். மூன்றாம் தரம் சிரித்துக்கொண்டே மவுத் ஓகனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கொத்துரொட்டி சாப்பிடப் போய்விட்டார். ஏசியிருந்தாலும் பரவாயில்லை, அந்தச் சிரிப்புத்தான் சுட்டது.

அடுத்த நாள் வீட்டு விறாந்தையில் போனில் ஒரு ப்ளூஸைப் போட்டு, அதோடு சேர்த்து அடித்துப் பார்த்து, அது வராமல் கிற்றாரை ஏசிக்கொண்டிருந்தபோது சித்தப்பா பிளேன்டீ குடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார். கோயில் பஜனைக்கு மிருதங்கம் வாசிக்கிற மனுசன். அரை நிமிடம் கேட்டிருப்பார்.

"இது திஸ்ரம் தானேடா. தகிட தகிட எண்டு சொல்லு. நடுவில இருக்கிற கி-யை மட்டும் முழுங்கு."

"சித்தப்பா, இது அமெரிக்காக்காரன்ட பாட்டு."

"ஆர்ட பாட்டா இருந்தா என்ன, மூண்டு மூண்டாத்தானே போகுது."

அவ்வளவுதான். ஒரு வருடம் காசு கட்டிக் கிற்றார் பழகப் போன இடத்தில் கோர்ட் படங்களைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தார்கள், இந்த ஒரு வசனத்தை யாரும் சொல்லித் தரவில்லை.

வாயால் தொடங்குங்கள்

கிற்றாரைக் கீழே வையுங்கள். காலால் ஒரே சீராக, ஆறுதலாக, நாலு அடி தட்டுங்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு "தகிட" சொல்லுங்கள். கால் விழுகிற இடத்தில் "த". இது நன்றாக ஓடத் தொடங்கியதும் "கி"யை வாயால் சொல்லாமல் மனதுக்குள் மட்டும் வையுங்கள். இப்போது வெளியே கேட்பது "த... ட, த... ட, த... ட, த... ட". ஷஃபிள் என்பது இதுதான். "த" நீளம், "ட" குட்டை. சரியாகச் சொன்னால் நீளம் இரண்டு பங்கு, குட்டை ஒரு பங்கு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஷஃபிள் பிழைக்கிறவர்கள் எல்லோரும் இரண்டே வகையாகத்தான் பிழைக்கிறார்கள், இரண்டுமே மூன்றாகப் பிரிக்க வேண்டிய அடியை நாலாகப் பிரிப்பதால் வருவது. "தகதிமி" என்று சொல்லிப் பாருங்கள். அதில் முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் அடித்தால் சமமான இரண்டு அடி வரும், சாதாரண சினிமாப் பாட்டு ஓட்டம். முதலாவதையும் நாலாவதையும் மட்டும் அடித்தால் குதிரை ஓடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. எழுதிப் பார்த்தால் இப்படி, புள்ளி என்பது மௌனம்:

சமன்: த . தி .
குதிரை: த . . மி
ஷஃபிள்: த . ட

மூன்றையும் ஒரே கால் தட்டில் மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகுங்கள். உப்புவெளியில் நான் அடித்தது முதலாவது. அதைத் திருத்துகிறேன் என்று வீட்டில் இரண்டு நாள் இரண்டாவதை அடித்துக்கொண்டிருந்தேன், தங்கச்சி "ஏன் அண்ணா, கல்யாண ஊர்வலமா வருது?" என்று கேட்டாள்.

டச்பே கடற்கரையில் காலையில் நடக்கிறவர்கள் நடந்துகொண்டே இதைப் பழகலாம், ஒரு எட்டுக்கு ஒரு தகிட. கோட்டை வாசல் பக்கம் மான்கள் நின்று பார்க்கும், பார்த்துவிட்டுப் போகட்டும். முக்கியமான விசயம், நடையை "ட"வுக்காக மாற்றக் கூடாது. கால் தன்பாட்டில் போக வேண்டும், "ட" அடுத்த "த"வின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிற மாதிரி ஒட்டி விழ வேண்டும்.

இன்னொன்று. நாலு அடியில் இரண்டாவதிலும் நாலாவதிலும் கை தட்டுங்கள். பஜனைக்குத் தட்டிப் பழகிய கை ஒன்றாவதில்தான் விழும், எனக்கும் அப்படித்தான் விழுந்தது. ஆனால் ப்ளூஸ் குழுவில் ட்ரம்காரர் ஸ்நேர் என்கிற சின்ன ட்ரம்மை அடிப்பது இரண்டிலும் நாலிலும். அந்த இரண்டு இடத்துக்கும் கொஞ்சம் கனம் கொடுத்தால்தான் ஆள் தலையாட்டுவான்.

பைலாக் கை

நம்மூர்க் கிற்றார்காரருக்கு மட்டும் ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் போர்த்துக்கேய வழி வந்த பறங்கியரின் கஃப்ரிஞ்ஞா ஆட்டப் பாட்டு, அதன் பிறகு நாடு முழுக்கப் பரவிய பைலா, இதைக் கேட்டு வளர்ந்த கைக்கு மூன்று மூன்றாக அடிப்பது புதிது இல்லை. மூன்று என்றதும் கை தானாகப் பைலாவுக்குள் ஓடிவிடும், சிக்கலே அதுதான். பைலா ஆறு துடிப்பில் ஓடுவது, இரண்டு "தகிட" சேர்ந்தால் ஒரு சுற்று, கை நடுவிலும் துள்ளிக்கொண்டே இருக்கும். ஷஃபிளில் நாலு "தகிட" சேர்ந்து ஒரு சுற்று, நடுவில் கை பேசாது. துள்ளல் வந்துவிட்டது என்றால் நீங்கள் "கி"யைச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம். வேகத்தைக் குறையுங்கள், திரும்ப வாயால் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த நல்ல பைலாக் கிற்றார்காரர்கள் இரண்டு பேருக்கு இதற்கே ஒரு கிழமை பிடித்தது, அதனால் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வலது கை

இப்போது கிற்றாரை எடுங்கள். தடித்த கம்பியிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். தடித்தது ஆறாம் கம்பி, மெல்லியது முதலாம் கம்பி. இடது கை விரல்களை எல்லாக் கம்பிகள் மேலும் சும்மா படுக்கப் போடுங்கள், அழுத்த வேண்டாம். அடித்தால் சுரம் வராது, "சக் சக்" என்று மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்தில் "த... ட" அடியுங்கள்.

இரண்டையும் கீழ்நோக்கியே அடிப்பதா, "த" கீழே "ட" மேலே என்று அடிப்பதா என்று ஒரு வழக்கு இருக்கிறது. என் தீர்ப்பு: ஆறுதலான வேகத்தில் இரண்டும் கீழே. கனம் அதில்தான் வருகிறது, தடித்த இரண்டு கம்பியில் மேலடி எப்போதும் கொஞ்சம் சன்னமாகத்தான் கேட்கும். வேகம் கூடி மணிக்கட்டு வலிக்கத் தொடங்கினால் கீழ்-மேல் ஆக்குங்கள். மேலே போகும்போது நகத்தால் சுரண்டுகிற மாதிரி இலேசாகப் போக வேண்டும்.

அடுத்தது பாம் மியூட், உள்ளங்கையால் சத்தத்தை அடக்குவது. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்துச் சதையைக் கம்பிகள் பாலத்தில், அதாவது கிற்றாரின் உடம்பில் கம்பிகளைத் தாங்குகிற கட்டையில், இறங்குகிற இடத்தில் வையுங்கள். பாலத்துக்குப் பின்னால் போனால் ஒன்றும் மாறாது, கணகணவென்று ஒலிக்கும். ஒரு விரலகலம் முன்னுக்கு வந்தால் சுரமே செத்துப் பலகையைத் தட்டுகிற மாதிரி கேட்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அங்கே சுரமும் கேட்கும், "தும்" என்று அடங்கியும் போகும். சதையை மில்லிமீற்றர் மில்லிமீற்றராக நகர்த்திப் பாருங்கள். ஒவ்வொரு கிற்றாருக்கும் அந்த இடம் கொஞ்சம் மாறும், உங்கள் கிற்றாரில் அது எங்கே என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் செலவழித்தால் வீண் போகாது.

இடது கை

இங்கே கோர்ட்டே பிடிக்கப் போவதில்லை. இரண்டு கம்பி, இரண்டு விரல்.

ஏ-க்கு: ஐந்தாம் கம்பி திறந்தபடி. நாலாம் கம்பியின் 2-ம் ஃபிரெட்டில் (ஃபிரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) ஆட்காட்டி விரல். இந்த இரண்டு கம்பியை மட்டும் சேர்த்து "த... ட" அடியுங்கள். அடுத்த அடிக்கு மோதிர விரலை அதே நாலாம் கம்பியின் 4-ம் ஃபிரெட்டில் வையுங்கள், ஆட்காட்டி விரலை எடுக்கவே வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும். "த... ட". பிறகு மோதிர விரலை மட்டும் தூக்குங்கள். ஒரு சுற்று, அதாவது நாலு அடி கொண்ட ஒரு பார், நாலாம் கம்பியில் இப்படிப் போகும்:

2 2 | 4 4 | 2 2 | 4 4

ஐந்தாம் கம்பி எல்லா அடியிலும் திறந்தபடி கூடவே ஒலிக்கும். இந்த ஒரு பாரை அலுக்கும் வரை அடியுங்கள். அலுத்த பிறகும் கொஞ்சம் அடியுங்கள்.

டி-க்கு முழு உருவத்தையும் அப்படியே ஒரு கம்பி கீழே இறக்குங்கள்: நாலாம் கம்பி திறந்தபடி, மூன்றாம் கம்பியில் 2-ம் 4-ம். ஈ-க்கு ஒரு கம்பி மேலே: ஆறாம் கம்பி திறந்தபடி, ஐந்தாம் கம்பியில் 2-ம் 4-ம். புதிதாக ஒன்றும் இல்லை, இடம்தான் மாறுகிறது.

கேட்கிற காதுக்கு இது ஏன் ப்ளூஸ் மாதிரி இருக்கிறது என்றால், 2-ம் ஃபிரெட்டில் வருவது ஏ-யிலிருந்து ஐந்தாவது சுரம், 4-ம் ஃபிரெட்டில் ஆறாவது. பியானோவில் பூகி-வூகி என்கிற வேகமான ப்ளூஸ் வாசிக்கிறவர்களின் இடது கை செய்கிற ஊஞ்சல் இது. அதைக் கிற்றாரின் தடித்த கம்பிகளுக்கு இறக்கியதில் ப்ளூஸ் பாடகர் ரொபேர்ட் ஜோன்சனுக்குப் பெரிய பங்கு உண்டு, 1936-இலும் 1937-இலும் டெக்சாஸில் அவர் பதிவு செய்த 29 பாடல்கள்தான் அவரிடமிருந்து நமக்கு மிஞ்சியவை. ஆனால் முதலில் கேட்டுப் பழக அவரைச் சொல்ல மாட்டேன், தனி ஆளாக மூன்று ஆள் வேலை செய்வார், தலை சுற்றும். 1950-களில் ஜிம்மி ரீட் பாட, எடி டெய்லர் பக்கத்தில் கிற்றார் வாசித்த பதிவுகளைக் கேளுங்கள். சோம்பேறித்தனமாக நடப்பது போல இருக்கும், ஒரு அடி தவறாது.

கை வலிப்பது பற்றி. ஆட்காட்டி விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் இவ்வளவு விரிப்பு முதல் கிழமை எல்லோருக்கும் வலிக்கும். பெருவிரலைக் கழுத்துக்கு மேலால் எட்டிப் பார்க்க விடாமல் பின்பக்கம் நடுவில் வையுங்கள், மணிக்கட்டைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளுங்கள், பாதி வலி அதோடு போகும். கை சின்னது என்றால் மோதிர விரலுக்குப் பதில் சுண்டுவிரலைப் போடுங்கள், யாரும் பொலிசுக்கு அறிவிக்கப் போவதில்லை. கேப்போ, அதாவது எல்லாக் கம்பியையும் ஒரே ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கிற கிளிப், வைத்திருந்தால் 5-ம் ஃபிரெட்டில் பூட்டிவிட்டு அங்கிருந்து எண்ணுங்கள். மேலே போகப் போக ஃபிரெட்டுகளின் இடைவெளி குறைவதால் விரல் சுகமாக எட்டும். சுருதி டி-க்கு மாறிவிடும், தனியாகப் பழகும்போது அது ஒரு பிரச்சினையே இல்லை. கிழமைக்கு ஒரு ஃபிரெட்டாகக் கேப்போவைக் கீழே இறக்கிக்கொண்டு வாருங்கள்.

தேவையில்லாத கம்பிகள் கூடவே அலறுகிறதா? ஆட்காட்டி விரலை நுனியால் குத்தி வைக்காமல் கொஞ்சம் படுக்க வைத்தால் விரலின் அடிப்பக்கம் மெல்லிய கம்பிகளைத் தொட்டு அடக்கிவிடும். கோர்ட் வகுப்பில் "விரலை நிமிர்த்திப் பிடி" என்று அடித்துச் சொல்லியிருப்பார்கள். இங்கே அதை மறந்துவிடுங்கள்.

12 பார்

ப்ளூஸ் பாட்டின் எலும்பு 12 பார். மூன்று வரி, வரிக்கு நாலு பார்:

ஏ ஏ ஏ ஏ
டி டி ஏ ஏ
ஈ டி ஏ ஈ

கடைசி ஈ உங்களைத் திரும்ப முதல் வரிக்குத் தள்ளிவிடும், அப்படியே சுற்றிக்கொண்டே இருக்கலாம். சிலர் இரண்டாவது பாரிலேயே ஒரு தரம் டி-க்குப் போய்த் திரும்புவார்கள், அது பிறகு.

இந்த 12-ஐ எண்ணி மனப்பாடம் செய்யப் போனால் எட்டாவது பாரில் தொலைந்து போவீர்கள், எண்ணுகிற மூளையும் அடிக்கிற மூளையும் ஒன்றுதானே. பாட்டு வரியைப் பிடித்துக்கொண்டு போவதுதான் வழி. ப்ளூஸில் பெரும்பாலும் முதல் வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவது வரியில் பதில் சொல்வார்கள். ஆங்கிலப் பாட்டுத் தெரியாவிட்டால் நீங்களே கட்டுங்கள். கச்சான் காற்று அனலாக அடிக்கிற ஒரு ஆடி மாதத்து இரவில் கரண்ட் போனபோது நான் கட்டியது இது, சிரிக்க வேண்டாம்:

கரண்டும் போச்சு மச்சான், ஃபேனும் நிண்டு போச்சு
ஓம் மச்சான், கரண்டும் போச்சு, ஃபேனும் நிண்டு போச்சு
கச்சான் வீசுற நேரத்தில கண்ணில நித்திரை போச்சு

ஒவ்வொரு வரியும் முதல் இரண்டு பாரில் முடிந்துவிடும். மிச்ச இரண்டு பாரில் வாய் மூடியிருக்கும், கிற்றார் மட்டும் பேசும். இரண்டாம் தரம் அதே வரியைத் தொடங்குகிற அந்த நொடியில் டி-க்குப் போக வேண்டும் என்று ஞாபகம் வைத்தால் போதும். மூன்றாவது வரி, பதில் வரி, ஈ-யில் தொடங்கும். இப்போது எண்ணிக்கை தேவையே இல்லை, வரி போகிற இடமெல்லாம் கை பின்னால் போகும்.

தாளம் போடத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி. ஒரு பார் என்பது திஸ்ர நடையில் ஒரு சதுஸ்ர ஏகம். இரண்டு பார் சேர்ந்தால் திஸ்ர நடை ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம், அப்படி ஆறு ஆவர்த்தனம் போனால் 12 பார் முடிந்தது. சித்தப்பா இன்றைக்கும் அப்படித்தான் எண்ணுகிறார், நான் தொலைந்து போனாலும் அவர் தொலைவதில்லை.

கோர்ட் மாறுகிற இடத்தில் நாலாவது அடியின் கடைசி "ட" வரை பழைய இடத்திலேயே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். கை எட்டவில்லை என்றால் அந்தக் கடைசி "ட"வை விட்டுவிட்டு, அடுத்த பாரின் "த"வில் சரியாக வந்து நில்லுங்கள். விட்ட "ட" யாருக்கும் தெரியாது. பிந்தி வந்த "த" தெருமுனை வரை தெரியும்.

கொஞ்சம் உப்புப் புளி

ஒரே 2-4-2-4 ஓடுவது கையில் ஊறிய பிறகு மூன்றாவது அடியில் சுண்டுவிரலால் 5-ம் ஃபிரெட்டைத் தொடுங்கள்:

2 2 | 4 4 | 5 5 | 4 4

அந்த 5-ம் ஃபிரெட் சுரம் கொஞ்சம் உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். ஆனால் எல்லாப் பாரிலும் போட்டால் உறுத்தல் போய்ப் பழகிவிடும். நான் நாலாவது பாரில் மட்டும் போடுவேன், டி-க்குப் போகப் போகிறோம் என்று கேட்கிறவருக்கு ஒரு சாடை காட்டுகிற மாதிரி.

அடுத்தது டேர்ன்-அரவுண்ட், சுற்று முடிந்து திரும்புகிற இடம். 11-ம் 12-ம் பார். இங்கே மட்டும் ஊஞ்சலை நிறுத்துங்கள். 11-ம் பாரின் முதல் அடியில் ஐந்தாம் கம்பியைத் திறந்தபடி ஒரு தரம் அடித்துவிட்டு, இரண்டாவது அடியில் நாலாம் கம்பியின் 5-ம் ஃபிரெட், மூன்றாவதில் 4-ம், நாலாவதில் 3-ம், 12-ம் பாரின் முதல் அடியில் 2-ம். 5, 4, 3 மூன்றுக்கும் ஒவ்வொரு அடியிலும் மூன்று தரம் அடிக்க வேண்டும். த, கி, ட. இவ்வளவு நேரமும் விழுங்கிக்கொண்டிருந்த "கி" இந்த ஒரு இடத்தில்தான் வாய் திறக்கிறது, அதனால்தான் கேட்கிறவருக்குப் படியால் உருண்டு இறங்குகிற மாதிரி இருக்கிறது. 2-ம் ஃபிரெட்டில் வந்து நின்றதும் மிச்ச மூன்று அடிக்கும் ஈ செவன்: ஐந்தாம் கம்பி 2-ம் ஃபிரெட்டில் நடுவிரல், மூன்றாம் கம்பி 1-ம் ஃபிரெட்டில் ஆட்காட்டி விரல், மிச்சமெல்லாம் திறந்தபடி.

மெட்ரோனோம்

போனில் இலவசமாக, சீராக "டிக் டிக்" என்று அடிக்கிற ஒரு மெட்ரோனோம் செயலியைப் போட்டு நிமிடத்துக்கு 60-இல் தொடங்குங்கள். 60 சவ வேகம் என்று தோன்றும், அங்கேதான் "கி"க்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று தெரியும். நாளுக்கு நாலைந்து கூட்டி 90, 100 வரை வந்ததும் ஒரு வித்தை செய்யுங்கள். மெட்ரோனோமை 45-க்கு இறக்கி, அது அடிக்கிற ஒவ்வொரு "டிக்"கையும் இரண்டாவது, நாலாவது அடியாக நினைத்து 90-இல் வாசியுங்கள். முதல் நாள் பைத்தியம் பிடிக்கும். ஒன்றாவது அடியை இனி யாரும் உங்களுக்குச் சொல்லித் தர மாட்டார்கள், நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இது பிடிபட்ட நாளில்தான் நான் ஷஃபிள் வாசிக்கிறேன் என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

மிகவும் வேகமாகப் போகும்போது "த"வும் "ட"வும் நீளத்தில் நெருங்கி வரும், பெரிய ஆட்களுக்கும் அப்படித்தான், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். மெதுவாக வாசிக்கும்போது நெருங்கினால்தான் கவலைப்பட வேண்டும். போனில் பதிவு செய்து கேளுங்கள். வாசிக்கும்போது காது பொய் சொல்லும், பதிவு சொல்லாது.

கம்பி பற்றி ஒரு சொல்

கடற்கரையில் இருந்து பழகலாம், கிற்றாரை அங்கே விட்டுவைக்கக் கூடாது. நம்மூர் உப்புக்காற்றில் உருக்குக் கம்பி துரு ஏறுவதற்கு மாதக்கணக்குத் தேவையில்லை, தடித்த கம்பிகளின் சுற்றுக்குள் உப்பும் வியர்வையும் இறங்கினால் சத்தம் செத்துவிடும். இந்த வாசிப்பு முழுக்க அந்தக் கம்பிகளில்தானே நடக்கிறது. வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் கம்பியின் மேலும் கீழும் துடைத்துப் பைக்குள் போடுங்கள். வாடை மழைக் காலத்தில் சுவரோடு சாத்தி வைக்காதீர்கள், ஈரம் ஏறும்.

ஆளோடு வாசிக்கும்போது

யாராவது பாடினால் அல்லது மவுத் ஓகன் ஊதினால் உங்கள் சத்தத்தைப் பாதியாக்குங்கள். 5-ம் ஃபிரெட் வேலையெல்லாம் வேண்டாம், வெறும் 2-4-2-4. அவர்கள் வரி முடித்து மூச்சு வாங்குகிற இரண்டு பாரில் வேண்டுமானால் ஏதாவது சொல்லுங்கள். ஒரு தகவல்: ஏ-யில் ப்ளூஸ் ஊத அவர்கள் பெரும்பாலும் டி மவுத் ஓகனைத்தான் எடுப்பார்கள், உறிஞ்சி வாசிக்கும்போது சுரத்தை வளைக்க அது வசதி. கையில் டி-யை வைத்துக்கொண்டு "ஏ" என்கிறாரே என்று குழம்பி டி-யில் தொடங்கிவிடாதீர்கள்.

முடிப்பது எப்படி என்று தெரியாமல்தான் முக்கால்வாசிப் பேர் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசிச் சுற்றில் டேர்ன்-அரவுண்டை அப்படியே வாசித்து 12-ம் பாரின் முதல் அடியில் 2-ம் ஃபிரெட்டுக்கு வாருங்கள். ஈ செவனுக்குப் போக வேண்டாம். இரண்டாவது அடியில் ஐந்தாம் கம்பி 1-ம் ஃபிரெட்டையும் நாலாம் கம்பி 3-ம் ஃபிரெட்டையும் சேர்த்துப் பிடித்து ஒரு வெட்டு, உடனே அமுக்கி விடுங்கள். மூன்றாவது அடியில் ஒரு ஃபிரெட் கீழே, அதாவது ஐந்தாம் கம்பி திறந்தபடி, நாலாம் கம்பி 2-ம் ஃபிரெட், முதலில் பழகிய அதே ஏ. இதை அமுக்காமல் ஒலிக்க விடுங்கள். எங்கள் விறாந்தையில் அது ஒலித்து ஓய்கிற வரைக்கும் சித்தப்பாவின் விரல் கதிரைக் கையில் தகிட தட்டிக்கொண்டிருக்கும்.